அம்மா உட்கார்ந்த வலப்பக்கம்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. ஒரே சமயத்தில் அல்ல. ஒன்று போய் இன்னொன்று வந்தது. உங்களில் பலர் வீட்டில் கார் இருந்திருக்காது, சைக்கிள் போய் மொபெட் வந்திருக்கும். எதுவானாலும் சரி. வண்டி மாறினால் வீட்டில் யார் எங்கே உட்காருவது என்பதும் கூடவே மாறிவிடும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் இந்த வயதில்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் வீடு பாகூரில். அப்பா நெல் அரைக்கும் மில் நடத்தினார். நடத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். மில் பெரியப்பாவின் பெயரில் இருந்தது. தாத்தா இறந்தபோது எல்லாம் மூத்தவர் பெயருக்குப் போயிருந்தது. பிரித்து எழுதிக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று இருவரும் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடின. பெரியப்பா கரிக்கலாம்பாக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அப்பாவுக்கென்று தாத்தா வாயால் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கறுப்புக் கார்.

புதுச்சேரியில் கொடி மாறிய சமயத்தில் ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் தாத்தா அதை வாங்கியிருந்தார். எனக்கு ஒன்பது வயதானபோது, அதாவது எழுபதுகளின் தொடக்கத்தில், அது கிழட்டு வண்டி. முன்கதவுகள் தலைகீழாகத் திறக்கும். கைப்பிடி முன்பக்கம், கீல் பின்பக்கம். கியர் தரையிலிருந்து வராமல், எதிரே இருக்கும் பலகையிலிருந்து குடைக் கைப்பிடிபோல நீட்டிக்கொண்டிருக்கும். இருக்கைக்குள் குதிரை மயிர் அடைத்திருந்தார்கள். தோல் கிழிந்த இடத்தில் அது தொடையைக் குத்தும். மழை நாளில் கதவைத் திறந்தால் நனைந்த ஆட்டு வாடை. மீட்டர்களின் மேல் பிரெஞ்சில் ஏதேதோ எழுதியிருக்கும். என்னைவிட ஐந்து வயது பெரிய என் அண்ணன், தனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அர்த்தம் சொல்லுவான்.

ஆனால் அந்த வண்டியில் முக்கியமான விஷயம் இதெல்லாம் இல்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது.

நம் ஊர்ச் சாலையில் இடப்பக்கம்தானே போகிறோம்? ஓட்டுகிறவரும் இடப்பக்கம் உட்கார்ந்தால் முன்னால் போகும் பஸ்ஸின் முதுகைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த வலப்பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலேயே அது தொடங்கிவிட்டதாம். வலது முழங்கையை ஜன்னலுக்கு வெளியே ஊன்றி, முந்தானையை மூக்கை மறைத்துச் சுற்றிக்கொண்டு, தலையைப் பாதி வெளியே நீட்டியிருப்பாள். முன்னால் பஸ்ஸோ லாரியோ போனால் அப்பா வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்பார்:

"போலாமா?"

அம்மாவிடம் மூன்று பதில்கள் இருந்தன. "இருங்க." "வேணாம்." "ம், போங்க."

"போங்க" என்றால் அப்பா எதையும் யோசிக்காமல் வண்டியை வலப்பக்கம் வெளியே எடுத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். அம்மா தூரத்தை மரங்களில் அளந்தாள். கடலூர் சாலையில் அப்போது இரண்டு பக்கமும் புளியமரங்கள். எதிரே வருவது எட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் என்றால் போகலாம். ஆறு மரம் என்றால் எதிரே வருவது மாட்டு வண்டியா லாரியா என்று பார்க்க வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

எங்காவது கல்யாணத்துக்குப் போய் இறங்கினால் அம்மாவின் வலது கன்னம் மட்டும் புழுதி படிந்து இருக்கும். வலப்பக்கத்துப் பூ உதிர்ந்து நார் மட்டும் தொங்கும். மண்டபத்துக்குள் போவதற்கு முன் கொல்லைக் குழாயில் முகத்தின் ஒரு பாதியைக் கழுவிக்கொண்டு வருவாள். அதற்குள் ஆண்கள் அப்பாவைச் சூழ்ந்திருப்பார்கள். "நீங்க ஓட்டற மாதிரி யாரால முடியும்? பஸ்ஸ சும்மா அப்டியே தாண்டினு வர்றீங்க" என்பார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். அவர் பொய் சொல்லவில்லை. அம்மா பெயரைச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்தக் காரை யாரும் இரவல் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்வது, ஓட்டத் தெரியாதே. பெரியப்பா ஒருமுறை, "இன்னா பெரிய வண்டி, குடு" என்று வாங்கிக்கொண்டு தனியாக ஏறி, எங்கள் களத்தைத் தாண்டுவதற்குள் வைக்கோல்போரில் ஏற்றிவிட்டார். இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பொம்பள வாயில ஓடற வண்டிடா இது" என்றார். அதன்பிறகு எங்கே பார்த்தாலும் அதையே சொல்வார். அப்பா அதற்கும் சிரித்துக்கொள்வார். பெரியப்பா அவருக்குப் பதினாலு வயது மூத்தவர். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர்.

நான் சொல்ல வந்தது அந்த அறுவடைக் காலத்தில் நடந்ததை.

மில்லில் ஒரு பேரிங் உடைந்து இயந்திரம் நின்றுவிட்டது. களத்தில் நெல் மூட்டைகளோடு வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சக்கரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பாண்டிக்குப் போய்ப் பேரிங் வாங்கிவரக் கிளம்பினார். அம்மா அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தாள். அவள் இல்லாமல் வண்டி கிளம்பாது என்பது வீட்டில் எழுதப்படாத சட்டம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். அண்ணன் வரவில்லை.

பேரிங் இரண்டு கடைகளில் கிடைக்கவில்லை. மூன்றாவது கடையில் கிடைத்தபோது உச்சி வெயில். திரும்பும் வழியில் கிருமாம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு பஸ் எங்களுக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. டாப்பில் வாழைத்தார் ஏற்றி, ஒரு பக்கம் சாய்ந்து, கரும்புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், பாதி அம்மா மடியில் இருந்தேன். காகிதத்தில் சுற்றிய பேரிங் என் காலடியில். அதன் கிரீஸ் என் பாவாடையில் பட்டிருந்தது. வீட்டுக்குப் போனால் திட்டு விழுமே என்பதுதான் அப்போது என் கவலை.

"போலாமா?" என்றார் அப்பா.

"இருங்க."

கொஞ்ச தூரம் போனது. மறுபடி, "இன்னா, போலாமா?"

"இருங்க. வண்டி வருது."

"என்ன வண்டி?"

"மாட்டு வண்டி. கரும்பு. பின்னாடி ஒரு லாரியும் வர்ற மாதிரி கீது."

"மாட்டு வண்டிதானே?"

"வேணாம்ங்க. வேணாம்."

நான் அம்மா மார்பில் சாய்ந்திருந்தேன். அந்த "வேணாம்" அவள் நெஞ்சுக்குள் அதிர்ந்தது எனக்கு முதுகில் தெரிந்தது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் என்னால் அடித்துச் சொல்ல முடிகிறது. அப்பா, "அடப் போ, அங்க மில்லு நிக்குது" என்று முணுமுணுத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

எதிரே கரும்பு வண்டி. அதற்குப் பின்னால் அம்மா சொன்னபடியே லாரி. அப்பா பிரேக்கை மிதித்து, பஸ்ஸை முன்னே போகவிட்டு, இடப்பக்கமாக வண்டியை உள்ளே இழுத்தார். பெரும்பாலும் தப்பிவிட்டோம். ஆனால் கரும்பு வண்டியின் பக்கத்தில் முட்டுக்கொடுத்திருந்த கம்பு ஒன்று எங்கள் வலப்பக்கக் கதவை முழு நீளத்துக்கும் கிழித்துக்கொண்டு போனது. அம்மாவின் கை எப்போதும்போல ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முறுக்கை உடைத்தால் வருமே, அந்த அளவுதான். சாலை முழுக்கக் கரும்புக் கழிகள் சிதறின. வண்டிக்காரர் குதித்து வந்து, "யோவ், கண்ணு இன்னா பிடரியிலயா கீது?" என்று கத்தினார். கதவு நெளிந்து திறக்கவில்லை. அம்மா வலது மணிக்கட்டை இடது கையால் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் கேட்டாள், "உனக்கு ஒண்ணும் இல்லியே?" முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கத்திக்கொண்டு வந்த வண்டிக்காரர் அவள் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவரே சணல் கயிற்றையும் துண்டையும் கொண்டுவந்து கையைக் கட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் காலை பெரியப்பா வந்துவிட்டார். நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்தார். கதவு கிழிந்த கார் எதிரே நின்றது. மில்லில் காத்திருந்த ஆட்கள் சிலரும் வந்து நின்றார்கள். அம்மா கூடத்தில், கதவுக்குப் பின்னால் நிலைப்படியில் சாய்ந்திருந்தாள்.

"எப்டிடா ஆச்சி?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறன் இல்ல? பஸ்ஸுக்குக் குறுக்க எதுக்குப் போன? ஆளுங்க மூட்டையோட நிக்கறாங்க. நீ கரும்பு வண்டியில போயி மோதினு வர்ற. உன்ன நம்பி மில்ல குடுத்துட்டு நான் எப்டிடா அங்க நிம்மதியா தூங்கறது?"

அப்பா சொன்னார்: "அவ போலாம்னா. நானு எடுத்துட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

பெரியப்பா தொடையைத் தட்டினார். "நான் சொன்னேன். அன்னிக்கே சொன்னேன். பொம்பள வாய நம்பி வண்டி ஓட்டினா இதான் ஆவும்." நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "பாவம், பொம்பளைங்களுக்கு ரோட்டு கணக்கு இன்னா தெரியும்" என்றார், அனுதாபமாகத்தான்.

அன்று மத்தியானம் நான் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஏம்மா, நீ வேணாம்னுதான சொன்ன? ஏன் சும்மா கீற?"

"நீ இன்னாத்த கேட்ட?"

"எனக்குக் கேட்டுச்சி. ரெண்டு தபா சொன்ன."

அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். "யாராண்டயும் சொல்லாத" என்றாள். "போய் அந்தப் பாவாடைய மண்ணெண்ணெயில தேச்சி வையி. கிரீசு போவாது அப்புறம்."

ஒன்பது வயதில் எனக்கு அப்பா பொய்க்காரராகவும் அம்மா கோழையாகவும் தெரிந்தார்கள். இப்போது யோசித்தால் அந்த வாசலில் இருந்த மூன்று பேரையும் கொஞ்சம் புரிகிறது. பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னால் மில் போய்விடும். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் புரிகிறது என்பதால் அது சரியாகிவிடாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதமே வெள்ளைக் கார் வந்தது. பெரியப்பாதான் கடலூரில் பார்த்து முடித்துக் கொடுத்தார். அதன் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஓடிய கார்கள் மொத்தமே இரண்டு மூன்று வகைதான். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த வண்டி, ஆனாலும் நல்ல நிலையில் இருந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம். பெரியப்பா அதைத் தட்டிக் காட்டி, "இனிமே எவ வாயும் தேவையில்ல" என்றார்.

கறுப்புக் காரைக் கடலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து எடுத்துக்கொண்டு போனார். அப்பாவை விட்டால் அந்தப் பிராந்தியத்தில் அதை நம்பி ஓட்டக்கூடியவர் அவர்தான். ஒரு பையைக் கொண்டுவந்து உள்ளே கிடந்த எங்கள் சாமான்களை அதில் போட்டுக் கொடுத்தார். ஒற்றைக் கொலுசு, அண்ணனின் பம்பரம், அம்மாவின் கொண்டை ஊசிகள். கொண்டை ஊசிகள் மட்டும் கை நிறைய இருந்தன, எல்லாம் வலப்பக்கக் கதவின் இடுக்கிலிருந்து. அம்மா அவற்றை வாங்கி, துருப்பிடித்ததைத் தனியே பிரித்து எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து அந்தக் கார் ஊருக்குள் வந்தது. டூரிங் டாக்கீஸ்காரர் அதை வாங்கியிருந்தார். கதவின் கிழிசலை மறைத்துப் படத்தட்டி கட்டி, மேலே ஒலிபெருக்கி வைத்து, நோட்டீஸ் வீசிக்கொண்டே தெருவில் வந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓட்டுகிறவர் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினார். அதற்கு யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டீஸோடு திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"ஹாரன மாத்திட்டான்" என்றாள்.

அவள் கை சரியாகக் கூடவில்லை. கட்டுப் பிரிக்கச் சொன்ன நாளுக்கு முன்பே அம்மியில் கை வைத்துவிட்டாள். வீட்டு வேலை நிற்காதே. மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. குடத்தை இடுப்பு மாற்றி வைக்கப் பழகிக்கொண்டாள். கரண்டி பிடிக்கும்போது மட்டும் தெரியும்.

வெள்ளைக் காரைச் சும்மா குறை சொல்ல மாட்டேன். சாவி திருகினால் கிளம்பியது. மழையில் ஒழுகவில்லை. எந்த ஊரில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். கறுப்புக் காருக்கு ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்றால் அப்பா ஒரு வாரம் அலைவார். இதற்குப் பாகூர் சைக்கிள் கடையிலேயே பாதி சாமான் கிடைத்தது. ஆறு பேர் தாராளமாக உட்காரலாம்.

ஆனால் அது எங்கள் கார் மாதிரி இல்லை, ஊர்க் கார் மாதிரி ஆகிவிட்டது. எல்லாருக்கும் அதை ஓட்டத் தெரியும். பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, பிரசவம், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பெரிய மனிதர் வருகிறார் என்று எதற்கும் வந்து நிற்பார்கள். அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது இருக்கையில் சந்தனக் கை பதிந்திருக்கும். கால்மிதியில் நவதானியம் முளைவிட்டிருக்கும். ஒருமுறை பின்சீட்டுக்கு அடியில் யாரோ ஒருவரின் பல்செட் கிடந்தது. கடைசிவரை யாரும் உரிமை கொண்டாடவில்லை.

இன்னொன்று. அப்பாவுக்கு ஓட்ட வரவில்லை.

இதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெள்ளைக் காரில் சாலை முழுக்க அவர் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஆனாலும் முன்னால் ஒரு பஸ் வந்துவிட்டால் அவர் கை தடுமாறும். பழக்கத்தில் வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, "போலாமா?" என்பார். அங்கே ஜன்னல்தான் இருக்கும். முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம், அண்ணன். ஆண்பிள்ளை என்று அவனை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அவன், "போப்பா, போப்பா" என்பான். அவனுக்கு எல்லா நேரமும் போகலாம்தான். அப்பா வெளியே எடுப்பார், எதிரே மூன்று பர்லாங் தள்ளி ஒரு லாரியைப் பார்ப்பார், திரும்ப உள்ளே வந்துவிடுவார். அவருக்கு மரக்கணக்கு தெரியாது. பதினெட்டு வருடமாக அந்தக் கணக்கைப் போட்டது அவர் இல்லை.

அம்மா பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் போகும் வயலைப் பார்ப்பாள். அப்பா தடுமாறும்போது அவள் உதடு அசைவதை நான் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன். சத்தம் வராது. முகத்தில் புழுதி இல்லாமல், பூ கலையாமல் கல்யாண வீடுகளில் இறங்கினாள். அத்தை ஒருத்தி, "இப்பத்தான்டி நீ கார்க்காரம்மா மாதிரி கீற" என்றாள்.

நாங்கள் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போய்ச் சேர ஆரம்பித்தோம். கறுப்புக் கார் பறக்கும், இந்தப் புது வண்டிக்கு இழுவை இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாவம், வெள்ளைக் கார் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு நின்றது.

அந்த வருடக் கடைசியில் பெரியப்பாவின் பேத்திக்குக் காது குத்தினார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் பெரிய பந்தல். பெரியப்பாவின் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். பெரியப்பா முதல் வரிசையில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவருக்கு எதிர் வரிசை. நான் அப்பாவுக்குப் பக்கத்து இலை. பெண்கள் பரிமாறினார்கள், அம்மா ரசம்.

"இன்னாடா, இவ்ளோ லேட்டு?" என்றார் பெரியப்பா. பிறகு சம்பந்தியிடம் திரும்பி, "இவங்கிட்ட ஒரு பழைய வண்டி இருந்திச்சிங்க. ரெண்டு பேரு ஓட்டற வண்டி. இவன் ஸ்டியரிங் புடிப்பான், சம்சாரம் வாயால ஓட்டும்" என்று கதையை எடுத்தார். அவர் நன்றாகக் கதை சொல்வார். பஸ், கரும்பு வண்டி எல்லாம் வந்தது. அம்மா குரலில் "போங்க போங்க" என்று கீச்சென்று பேசிக் காட்டினார். பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அம்மா அப்போது அந்த வரிசைக்கு வந்திருந்தாள். பெரியப்பா இலைக்கு ரசம் ஊற்றியபோது கரண்டி அவள் வளைந்த கையில் கொஞ்சம் சாய்ந்து, ரசம் இலையைத் தாண்டிப் பாயில் சிந்தியது.

"பாத்தீங்களா," என்றார் பெரியப்பா சிரிப்பு அடங்காமல், "கணக்கும் தப்பு, கையும் தப்பு."

"அண்ணா" என்றார் அப்பா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியப்பா நிமிர்ந்தார்.

"அவ போன்னு சொல்லல. வேணாம்னா."

"இன்னாடா?"

"ரெண்டு தபா சொன்னா. வண்டி வருது, லாரி வருது, வேணாம்னா. நானு கேக்கல. நான்தான் ஏறிப் போனேன். அன்னிக்கு உங்களாண்ட மாத்திச் சொல்லிட்டேன்." அப்பா இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ கைய ஒடைச்சது நான்தாண்ணா. சிரிக்கறதுன்னா என்னைப் பாத்துச் சிரிங்க."

பந்தியில் யாரோ இருமினார்கள். பெரியப்பாவின் முகம் முதலில் சிரித்தபடியே இருந்தது. அதை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. "சாப்புட்ற எடத்துல இன்னா பேச்சிடா இது" என்றார் கடைசியில். சம்பந்தி அப்பளத்தை உடைத்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அசையாமல் ரசத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த இலைக்குப் போய், "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். வரிசை முடியும்வரை ஒரு இலையையும் விடவில்லை.

பெரியப்பா அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மில்லை எடுத்துக்கொள்ளவும் இல்லை. வந்தபோது ஒரு கூடை மாம்பழத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் நேரடியாகக் கொடுத்தார். அது பின்னால் நடந்தது.

அன்று வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டோம். கார் பந்தலுக்கு வெளியே நின்றது. அம்மா வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கப் போனாள். அப்பா அண்ணனிடம், "பின்னாடி போடா" என்றார். அண்ணன் முறைத்துக்கொண்டு பின்னால் வந்தான். அப்பா சுற்றி வந்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மா அந்தத் திறந்த கதவைப் பார்த்தாள். ஏறலாமா என்று யோசித்தாளா, ஏற வைக்கட்டும் என்று இருந்தாளா, எனக்குத் தெரியாது. பிறகு புடவையைச் சேர்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டியதும் பாகூர் போகும் பஸ் ஒன்று எங்களுக்கு முன்னால். அந்தச் சாலை அப்போது குறுகல். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், நேராக நீளமாகக் கிடக்கும். பின்சீட்டின் வலப்பக்கம் இருந்த எனக்கே எதிரே ரோடு முழுக்கத் தெரிந்தது. ஒரு நாய்கூட இல்லை.

அப்பா வேகத்தைக் குறைத்தார். முகத்தைத் திருப்பினார். இந்த முறை இடப்பக்கம்.

"போலாமா?"

அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பஸ்ஸின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அது அப்பாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பஸ்ஸின் முதுகை நிதானமாகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

அப்பா கியரைக் குறைத்தார்.

பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் புகை எங்கள் கண்ணாடியில் அடித்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது நின்றது, நாங்களும் நின்றோம். ஆட்டுக்குட்டியோடு ஒருவர் இறங்கி, மிச்சச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு தகராறு செய்து முடிக்கும்வரை நின்றோம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, போய்யா போ என்று கையை வீசினார். பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்துவிட்டு எங்களையும் பஸ்ஸையும் சேர்த்துத் தாண்டிப் போனது. அதை ஓட்டியவர் திரும்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்பா, ரோடு காலியா கீதுப்பா" என்று அண்ணன் கத்தினான். "போப்பா!"

"உங்கம்மா வேணாம்னுட்டா" என்றார் அப்பா.

அம்மா வளைந்த கையை மடியிலிருந்து எடுத்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, இடது முழங்கையை வெளியே ஊன்றிக்கொண்டாள். காற்றில் பூ உதிர்ந்து பின்சீட்டுக்கு வந்தது. பாகூர் வரைக்கும் நாங்கள் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனோம்.